இடுப்பில் கட்ட வேண்டிய துணி

இதில் யாருடைய பெயரும் வராது. பயத்தால் அல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவருடைய பெயரைச் சொன்னால் போதும், அடுத்த மூச்சில் "எந்தத் தோட்டம்? யார் வீட்டு ஆளு?" என்று கேட்பார்கள். பதிலைச் சொல்லிவிட்டால், அந்த மனிதரைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பதுபோல வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கேள்வி எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. கேட்டவர்களிடம் வெடுக்கென்று எதையாவது சொல்லி, வீட்டில் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆகவே பெயர் வேண்டாம். ஆட்களைக் காட்டுகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நியமனம் இல்லாமல்தான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகப் பொறுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பாடசாலையையும் எடுத்தார்கள். கரும்பலகையை எடுத்தார்கள், மணியை எடுத்தார்கள், பெரிய வாத்தியாரை எடுத்தார்கள். என்னை மட்டும் "பிறகு பார்ப்போம்" என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். அம்மா கொழுந்து எடுத்தாள். லயம் என்று சொல்லும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். நியமனம் வராவிட்டால் நானும் ஒருநாள் விடியற்காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏற வேண்டியதுதான். அம்மா அதற்குப் பயந்த அளவுக்கு வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் அரசாங்க வேலை என்றால் அரசியல்வாதி ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்கு அப்படி ஒருவர் இருந்தார். அவருடைய தாத்தா பெரிய கங்காணி. இந்தியாவில் இருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்தவர். என் அப்பாவின் அப்பா அப்படிக் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களில் ஒருவர். கங்காணி முறையெல்லாம் ஒழிந்து வெகுகாலம் ஆகியும், ஹாலிஎலைக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஓடு போட்ட அந்த வீடு அப்படியே இருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பெரிய வீடு என்றார்கள். பேரன் கொழும்பில் படித்து, கோட் போட்டு, அரசியலுக்கு வந்த பிறகும் அது பெரிய வீடுதான்.

நான் கராத்தே வகுப்புக்குப் போனது வீரத்தால் அல்ல. பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு சனிக்கிழமை மாலை ஒருவன் இடித்துக்கொண்டே வந்தான். நான் குடையால் ஒன்று போட்டேன். குடை உடைந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த சனிக்கிழமை கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்து ஆட்கள் ஒன்றாகக் கத்துவது கேட்டு, படியேறிப் போய்ப் பார்த்தேன்.

அந்தத் துணிக்கடை ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. அந்த வீட்டு இளைய மகன் கொழும்பில் கராத்தே பழகிக் கறுப்புப் பட்டி வாங்கி வந்து, துணி மூட்டை வைக்கும் மேல்மாடியைக் காலி செய்து வகுப்பு நடத்தினார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சிங்களப் பையன்கள், கடைக்காரப் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் இரண்டு தாதிமார் என்று கலவையாக இருந்தது. நான் வாசலில் நின்று என் ஊர், தோட்டம், அப்பாவின் வேலை எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தயாரானேன். பழக்க தோஷம்.

"அதெல்லாம் எதுக்கு தங்கச்சி? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார் மாஸ்டர்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் மறுபடியும் போனேன். பிறகு விடவே இல்லை.

அங்கே எல்லாம் பட்டிதான். வந்தவுடன் வெள்ளை. பிறகு மஞ்சள், பச்சை, மண்ணிறம், கடைசியில் கறுப்பு. வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பெரிய பட்டி வலது கோடியில், வெள்ளைப் பட்டி இடது கோடியில். வயது, படிப்பு, சாதி, காசு எதுவும் அந்த வரிசைக்குத் தெரியாது. வெளியில் இருந்து பட்டி வாங்குவது கஷ்டமான காலம் என்பதால், மாஸ்டர் தன் கடைத் துணியில் வெள்ளைப் பட்டி தைத்துக் கொடுப்பார். சோதனையில் தேறினால் அதே பட்டியை வாங்கிக்கொண்டு போய் மஞ்சள் சாயத்தில் போட்டுத் தருவார். அடுத்த தடவை அதன் மேலேயே பச்சை, அதன் மேலேயே மண்ணிறம். கறுப்புப் பட்டி மட்டும் கொழும்பில் இருக்கும் பெரிய மாஸ்டர் வருடத்துக்கு ஒருமுறை வந்து, சோதித்து, கையோடு கொண்டுவந்து தருவது. என் பட்டியின் மண்ணிறம் வெளுத்த இடங்களில் அடியில் இருந்த பச்சை எட்டிப் பார்க்கும். எனக்கு அது பிடிக்கும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அடித்துப் பழகுவதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பஸ்ல போற பிள்ள, தெரிஞ்சு வச்சிக்கட்டும்" என்றுதான் சொன்னார். அவருக்கு உறுத்தியது பட்டி.

"பொம்பளப் பிள்ள இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு யாருக்குக் கும்புடு போடுற?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் துணி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே. பெரிய வீட்டுப் பக்கம் போனால் அப்பாவின் தோளில் இருக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. வாசல் முருங்கை மரத்தைத் தாண்டும்போதே கை அந்த வேலையைச் செய்துவிடும். அம்மா மலைக்குப் போகும்போது சீலை நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது படங்கு, சாக்குத் துணி. இடுப்பில் கட்டுவது என்றாலே எங்களுக்கு வேலை, அல்லது பணிவு. தலையில் கட்டுவதுதான் மரியாதை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியைப் பரிவட்டமாகப் பெரிய வீட்டு ஆளின் தலையில் கட்டி, மாலை போட்டு, முதல் விபூதி கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு ஏதும் கிடைக்கும். கட்டிய துணி அவர்களுக்கே சொந்தம். அதைக் கொண்டுபோய்ப் பெரிய கங்காணியின் படத்தில் தொங்க விடுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அடுத்த திருவிழா வரைக்கும் அது அங்கே தொங்கும்.

எங்கள் அரசியல்வாதியின் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர் நன்றாகப் பேசுவார். தேர்தல் வந்தால் கோட்டைக் கழற்றிவிட்டு வேட்டியோடு மேடை ஏறுவார். "நானும் லயத்துப் பிள்ளதான். எங்க அப்பாயியும் கொழுந்துக் கூடைய முதுகுல சொமந்தவதான்" என்பார். குரல் தழுதழுக்கும். கூட்டம் உச்சுக் கொட்டும். அவருடைய அப்பாயி வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களுக்கு அரிசி அளக்கச் சொன்னதைக் கண்ணால் பார்த்த கிழவிகளும் அந்தக் கூட்டத்தில் நின்று உச்சுக் கொட்டுவார்கள். அவர் மட்டும் அல்ல, எதிர்த்துப் போட்டியிட்டவர் இன்னும் ஒரு படி கீழே போய்த் தன் அப்பா கக்கூஸ் கூட்டியவர் என்றார். அவருக்கு வெலிமடையில் உருளைக்கிழங்குக் காணி இருந்தது. எனக்குச் சிரிப்பாக வரும். கராத்தேயில் நாங்கள் ஒவ்வொரு படியாக மேலே ஏற வியர்வை சிந்தினோம். இவர்கள் மேடையில் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க அதைவிட அதிகமாக வியர்வை சிந்தினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் பழையபடி கார், பழையபடி கோட்.

அவருடைய மகன் ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வந்தான். கண்டிக்குப் படிக்கப் போய், சோதனை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருந்த பிள்ளை. மாஸ்டர் அவனையும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார், வெள்ளைப் பட்டியைக் கொடுத்தார், இடது கோடியைக் காட்டினார். அப்போது நான் மண்ணிறப் பட்டி. வகுப்பிலேயே பெரிய பட்டி நான்தான். வலது கோடியில் நான், இடது கோடியில் பெரிய வீட்டுப் பிள்ளை. வகுப்பு முடிந்ததும் சின்னப் பட்டிகள் பெரிய பட்டிகளுக்குக் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். அவன் என் முன்னால் வந்து குனிந்தான். நான் ஒரு நொடி ஆடிப்போனேன். இடுப்பில் இருந்த பட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் குனிந்தேன்.

நல்ல பிள்ளை. "அக்கா, இந்தக் கால் எப்படி வைக்கணும்?" என்று கேட்டுக் கேட்டுப் பழகினான். தரையைக் கூட்டுவது வெள்ளைப் பட்டிகளின் வேலை. முகம் சுளிக்காமல் கூட்டினான்.

இந்தச் செய்தி ஹாலிஎல பஸ்ஸில் ஏறி எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நின்றார்.

"பெரிய வீட்டுப் பிள்ள ஒனக்குக் கும்புடு போட்டுச்சாமே?"

"அது கும்புடு இல்லப்பா. அங்க எல்லாரும் எல்லாருக்கும் குனிவாங்க."

"அந்தப் பிள்ள கடைசியில நிக்கிதாம், நீ மொதல்ல நிக்கிறியாம்."

"பட்டி அப்படி. நான் என்ன செய்ய?"

"ஒரு எடம் தள்ளி நின்னா கொறஞ்சா போவ?" என்றார் அப்பா. "நான் ஒன் வேலைக்காக அங்க போய் நிக்கணும் பாப்பா. அத நெனச்சுப் பாரு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரிய வீட்டில் போய் எதையாவது கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு குடும்பம் ஒரு தடவைதான் கேட்கலாம். கல்யாணமோ, வேலையோ, லயத்தில் குடியிருக்க ஒரு காம்பிராவோ, எதுவானாலும் ஒன்று. கேட்டது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிறகு வருஷக்கணக்கில் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் மீறியவர்களை வீட்டு ஆட்கள் வாசலோடு திருப்பி அனுப்பியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்பா தன் தடவையை எனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார். அண்ணனுக்கு வேலை வேண்டியிருந்தபோது கேட்கவில்லை. அவன் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு கடையில் மூட்டை தூக்கப் போனான். அம்மாவுக்கு ஒப்பரேஷன் என்றபோதும் கேட்கவில்லை. "பாப்பாவோட நியமனம் வர்ற நேரத்துல கேப்பேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இதோ அந்த நேரம் வந்துவிட்டது, நான் போய் அந்த வீட்டுப் பிள்ளைக்கு மேலே நிற்கிறேன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தள்ளி நிக்க மாட்டேன். மாஸ்டர் நிக்கச் சொன்ன எடத்துலதான் நிப்பேன். வேலை கெடைக்காட்டி கூடையத் தூக்கிக்கிட்டுப் போறேன்" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அம்மா வெளியில் வந்து என்னைப் பார்த்தாள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பெரிய வீட்டுக்கும் போகவில்லை. நல்ல நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கொழும்பு பெரிய மாஸ்டர் வரும் நாள் வந்தது. அந்த முறை நான் கறுப்புப் பட்டிக்கு நின்றேன். மேல்மாடி போதாது என்று மாஸ்டர் டவுனில் ஒரு மண்டபம் எடுத்தார். மண்டபம் எடுத்தால் விழா, விழா என்றால் பிரதம விருந்தினர், பிரதம விருந்தினர் என்றால் வேறு யார்? மகன் படிக்கும் வகுப்பு என்பதால் அவரும் சந்தோஷமாக வருவதாகச் சொன்னார். அவர் வருகிறார் என்றதும் எங்கள் தோட்டத்துத் தலைவர், அதாவது தொழிற்சங்கத் தலைவர், ஒரு லொறி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மாலையோடு வந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் அந்த லொறியில்தான் வந்தார்கள். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சீலையைக் கட்டியிருந்தாள்.

சோதனை காலையிலிருந்து நடந்தது. அதை விவரிக்க மாட்டேன், கராத்தே தெரியாதவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், தெரிந்தவர்கள் குறை கண்டுபிடிப்பார்கள். கடைசியில் பெரிய மாஸ்டர் தலையை அசைத்தார். எங்கள் மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஊவா மாகாணத்தில் கறுப்புப் பட்டி வாங்கிய பெண் வேறு யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் லயத்தில் இல்லை, அது எனக்கு நிச்சயம்.

மத்தியானத்துக்குப் பிறகு விருந்தினர் வந்தார். லயத்துப் பிள்ளை பேச்சைப் பேசினார், உச்சுக் கொட்டினார்கள். பிறகு பட்டி கொடுக்கும் நேரம். முறை என்னவென்றால், தேறியவர் முன்னால் வந்து, பழைய பட்டியை அவிழ்த்து மடித்துக் கீழே வைக்க வேண்டும். விருந்தினர் புதுப் பட்டியை எடுத்து அவருடைய இடுப்பில் கட்டிவிடுவார். நான் முன்னால் போய் என் மண்ணிறப் பட்டியை அவிழ்த்து வைத்தேன். கட்டு இல்லாத சட்டை விலகியது. உள்ளே பனியன் போட்டிருந்தேன் என்றாலும், ஒரு கையால் சட்டையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பட்டி ஒரு தாம்பாளத்தில் இருந்தது. மாஸ்டர் அதைத் தலைவரிடம் கொடுத்து, "மாலையப் போட்டுட்டு, தட்ட ஐயாக்கிட்ட கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய மாஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

தலைவர் மாலையைப் போட்டார். கை தட்டினார்கள். தாம்பாளத்தைப் பார்த்தார். அதில் மடித்து வைத்த ஒரு துணி இருந்தது. முன்னால் பெரிய வீட்டு ஐயா நிற்கிறார், கழுத்தில் மாலை இருக்கிறது. தலைவர் தன் வாழ்நாளில் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்த இடம் கோயில் மட்டும்தான். துணியை எடுத்தார், பிரித்தார், ஐயாவின் தலையைச் சுற்றி இழுத்து, பின்னால் ஒரு முடிச்சுப் போட்டார்.

விருந்தினர் தலையைக் குனிந்து கொடுத்தார். அதைத்தான் நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு தயக்கம் இல்லை. துணி நெருங்கியதும் தலை தானாக இறங்கியது, அப்பாவின் துண்டு தானாக இடுப்புக்கு இறங்குகிற மாதிரி. நிமிர்ந்தபோது நெற்றிக்கு மேல் கறுப்புப் பட்டி, இரண்டு முனைகளும் காதுக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றன. லொறியில் வந்த சனம் முழுவதும் எழுந்து கை தட்டியது. ஒரு பெண் குலவை போட்டாள்.

சிங்களப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரிய மாஸ்டர் எங்கள் மாஸ்டரின் காதில் ஏதோ கேட்டார். மாஸ்டருக்கு முகம் வெளிறிவிட்டது. எழுந்தார், உட்கார்ந்தார். கடைவீதியில் வளர்ந்தவர், தோட்டத்து ஆட்களைத் தெரிந்தவர். தலையில் கட்டிய பரிவட்டத்தைச் சபையில் வைத்து அவிழ்க்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். விருந்தினர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். போட்டோ எடுத்தார்கள். நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையின் இடது கோடியில் அவருடைய மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவர் என் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார். பட்டியோடு காரில் ஏறிப் போனார்.

விழா முடிந்ததும் மாஸ்டர் என்னிடம் வந்து, அடுத்த முறை கொழும்பிலிருந்து வேறொன்று கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். அடுத்த முறை என்றால் அடுத்த வருடம். நான் தலையாட்டினேன். பழைய பட்டியைக் கட்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஒரு சட்டைப்பின் வாங்கிக் குத்திக்கொண்டு லொறியில் ஏறினேன். வழி முழுக்கத் தலைவர் விழா நன்றாக நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. "பெரிய மனுசன் இடுப்புலயா துணியக் கட்ட முடியும்?" என்றுதான் அவர் கேட்பார். அப்பா லொறியின் மூலையில் உட்கார்ந்து என் சட்டைப்பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலிஎல தாண்டியதும் பெரிய வீட்டு விளக்குகள் தெரிந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, நான் பாடசாலையில் இருந்து வந்து பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். தோளில் துண்டு இல்லை. துண்டு கையில் சுருட்டியபடி இருந்தது. என் முன்னால் வைத்துப் பிரித்தார். உள்ளே கறுப்புப் பட்டி இருந்தது.

"இந்தா பாப்பா."

"எப்படிப்பா?"

"குடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான். "எந்திரி. எப்படிக் கட்டணும்?"

நான் எழுந்து நின்றேன். அவர் குனிந்து என் இடுப்பைச் சுற்றிப் பட்டியைக் கொண்டுவந்தார். இரண்டு சுற்று என்றேன், சுற்றினார். முடிச்சு முன்னால் வர வேண்டும் என்றேன். அந்த முடிச்சு அவருக்குத் தெரியாது. தினமும் காலையில் அம்மா படங்குக்குப் போடும் முடிச்சைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அதையே இழுத்துப் போட்டார். கராத்தேக்காரர் யாரும் அப்படி முடிச்சுப் போட மாட்டார்கள். நான் அவிழ்க்கவில்லை.

மற்றதை எனக்குச் சொன்னது பெரிய வீட்டுப் பிள்ளை. அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் கையில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அக்கா, ஒங்க அப்பா எங்க வீட்டுக்கு வந்தாரு. துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு வாசல்ல நின்னாரு. எங்க அப்பா நல்ல மூடுல இருந்தாரு. 'என்ன, மக நியமன விசயமா? ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலியே. கேளு, சொல்லி விடுறேன்'னாரு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"இடுப்புத் துண்ட ஒரு தடவ இழுத்துக் கட்டினாரு. அப்புறம், 'வேலை விசயம் இல்லீங்க. எம் மக துணி ஒண்ணு உங்ககிட்ட இருக்குங்க. அத வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்'னாரு. எங்க அப்பாவுக்கு மொதல்ல வெளங்கல. அது பெரிய தாத்தா படத்துல தொங்கிச்சு அக்கா. போன திருவிழாப் பரிவட்டத்துக்கு மேல மாட்டி வச்சிருந்தாங்க. ஒங்க அப்பா வாசல்ல இருந்தபடியே அந்தப் படத்தக் கை நீட்டிக் காட்டினாரு. 'அந்தா அதுதாங்க'ன்னாரு."

"ஒங்க அப்பா கோபப்பட்டாரா?"

"இல்ல. சிரிச்சாரு. 'வேற ஒண்ணும் வேணாமா?'ன்னு திரும்பக் கேட்டாரு. ஒங்க அப்பா வேணாம்னாரு. எங்க அப்பா என்னைப் பாத்து, 'எடுத்துக் குடு'ன்னாரு. நான்தான் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் குடுத்தேன்." அவன் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு எனக்குக் குனிந்தான். நானும் குனிந்தேன்.

நியமனம் அந்த வருடம் வரவில்லை. அவர் தடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், உதவினார் என்றும் சொல்ல மாட்டேன். நான் சில மாதம் கூடையும் தூக்கினேன். பிறகு ஒரு பரீட்சை வந்தது, எழுதினேன், வெலிமடைக்கு அங்கிட்டு ஒரு பாடசாலை கிடைத்தது. அதெல்லாம் வேறு கதை.

அந்தப் பிள்ளை இதைச் சொன்ன சனிக்கிழமையன்று வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் நேராக அப்பாவிடம் போனேன். அவர் வேலை முடிந்து வந்து, தேயிலைத்தூள் படிந்த கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, அவரே கேளுன்னு சொன்னாராமே. வேலையக் கேட்டிருக்கலாமே. இத்தன வருசமா அதுக்காகத்தானே போகாம இருந்தீங்க?"

அப்பா கையைத் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டார்.

"வேலை இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும் பாப்பா. அந்தத் துணி அந்தப் படத்துல ஒரு வருசம் தொங்கிச்சுன்னா, அது அவங்களோடது ஆயிரும்" என்றார். "நீ சட்டையப் புடிச்சுக்கிட்டு நின்னத நான் பாத்தேன்ல?"